லூபெக் மரியாள் தேவாலயம்: விழுந்த மணியை அப்படியே போட்டு வைத்தது சரியா?

பீளமேடு_கவிதா | சனி, இரவு 9.40

ஊர்ல இருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்காங்க. போன சனிக்கிழமை ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு வட ஜெர்மனியில இருக்கிற லூபெக் போயிட்டு வந்தேன். ஹாம்பர்க்ல இருந்து ரயில்ல முக்கால் மணி நேரம். அம்மாவுக்கு மார்சிபான்ங்கிற பாதாம் இனிப்புக் கடை, எனக்கு ஹோல்ஸ்டன் கோட்டை வாசல், அப்பாவுக்கு எதுவும் வேண்டாம், எங்காச்சும் ஒரு பெஞ்ச் இருந்தா போதும். மழை வந்துச்சு. ஒதுங்கத்தான் மரியாள் தேவாலயத்துக்குள்ள போனோம்.

வெளிய செங்கல். உள்ள நுழைஞ்சா கழுத்தை எவ்வளவு வளைச்சாலும் மேல்தளம் முடிய மாட்டேங்குது. அம்மா "யாரு இத்தனை வெள்ளையடிச்சது"ன்னு கேட்டாங்க. அப்படியே நடந்து தெற்குக் கோபுரத்துக்கு அடியில வந்து நின்னோம். அங்கதான் ரெண்டு மணி கிடக்குது.

தொங்கலைங்க, கிடக்குது. 1942 மார்ச் 28 ராத்திரி, விடிஞ்சா குருத்தோலை ஞாயிறு, பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போட்டப்ப கோபுரம் பத்தி எரிஞ்சு மணிகள் மேல இருந்து விழுந்திருக்கு. விழுந்த இடத்துலயே விட்டுட்டாங்க. தரைக்கல்லு உடைஞ்சது உடைஞ்சபடி. முன்னாடி இரும்புக் கம்பித் தடுப்பு.

எங்கப்பா பீளமேட்டுல பம்ப் பாடி வார்க்கிற ஃபவுண்டரியில 31 வருஷம் மோல்டிங் செக்‌ஷன். அதுவரைக்கும் எதையுமே பார்க்காதவர் அந்தக் கம்பிகிட்ட கால் மணி நேரம் நின்னாரு. அப்புறம் எனக்குப் பாடம் எடுத்தாரு. "இது ஸ்வீப் போட்டு எடுத்த மோல்டு. களிமண்ணு பூசி, பலகை வெச்சுச் சுத்திச் சுத்திச் சீவியிருக்கான். உடைஞ்ச எடத்தைப் பாரு, உள்ள ஒரு ப்ளோ ஹோல், அதான் காத்துக் குமிழி ஓட்டை, இல்லை. ஆனா ஓரமெல்லாம் மழுங்கியிருக்கு. சும்மா விழுந்திருந்தா கண்ணாடியாட்டம் நறுக்குனு உடைஞ்சிருக்கும். பாதி இளகின பொறவுதான் விழுந்திருக்குது." மணிக்கு ஊத்துற வெண்கலத்துல அஞ்சுல ஒரு பங்கு வெள்ளீயமாம், நாங்க இம்பெல்லருக்கு ஊத்துற கன்மெட்டல்ல அதுல பாதிதான்னாரு. வெள்ளீயம் கூடினா நாதம் வரும், ஆனா வளையாதாம். அடி பட்டா உடையத்தான் செய்யுமாம்.

வெளிய வரும்போது ஒரே வரி சொன்னாரு: "இத்தனை டன் மெட்டல், எண்பது வருஷமாச் சும்மா கெடக்குது. உருக்கி ஊத்தியிருந்தா இந்நேரம் அடிச்சுட்டு இருந்திருக்கும்."

எனக்குச் சுள்ளுனு வந்துச்சு. நினைவுச்சின்னம்ப்பா, அப்படியெல்லாம் பேசாதீங்கன்னேன். ஆனா ரயில்ல வரும்போது யோசிச்சா, அந்த மனுஷன் சொன்னதுல என்ன தப்புன்னு எனக்கே சொல்லத் தெரியலை. மீதி சர்ச்சை முழுக்கக் கட்டிட்டாங்கதானே? கூரை புதுசு, கோபுர உச்சி புதுசு, ஆர்கன் வாத்தியம் புதுசு. மணி மட்டும் எதுக்கு இப்படி? போனவங்க யாராச்சும் சொல்லுங்க.

நக்கல்_நாகராஜ் | சனி, இரவு 9.58

உங்கப்பாவுக்கு என் வணக்கம். உலகத்துல பாதிப் பேர் செல்ஃபி எடுக்கிற இடத்துல ப்ளோ ஹோல் தேடின ஒரே மனுஷன்.

மூன்றாம்_கட்டை | சனி, இரவு 10.31

கவிதா, அந்தப் பெரிய மணியைப் பற்றி ஒரு விஷயம். ஏழு டன் எடை. அதை வார்த்தவர் ஆல்பெர்ட் பென்னிங்க், வருஷம் 1668. சின்னது அதைவிட மூத்தது, 1508.

1668 என்றதும் எனக்கு வேறொன்று ஞாபகம் வருகிறது. அதே வருஷம்தான் இசையமைப்பாளர் புக்ஸ்டஹூடெ அந்த தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கப் பணியில் சேர்ந்தார். 1707இல் சாகும்வரை அங்கேதான். அந்த மணியும் அவரும் ஒரே வருஷத்து ஆட்கள். நாற்பது வருஷம் அவர் காதில் விழுந்த மணி அது.

1705 கடைசியில் பிற்பாடு இசைமேதையான பாக் அங்கே வந்தார். வயது 20. ஆர்ன்ஷ்டாட் என்ற ஊரில் ஆர்கன் வேலை. நாலு வாரம் லீவு சொல்லிவிட்டு லூபெக் வரை ஏறக்குறைய 400 கிலோமீட்டர் நடந்தே வந்தார் என்பார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் புக்ஸ்டஹூடெ நடத்தும் மாலைக் கச்சேரிகள் அவ்வளவு பிரசித்தம். போனவர் நாலு வாரத்தில் திரும்பவில்லை, நாலு மாசம் கழித்துத்தான் வேலைக்கு வந்தார். ஊர் சபை கூப்பிட்டு விசாரித்தது. வந்த பிறகு வாசிப்பே மாறிப்போச்சு, பாட்டுக்கு நடுவே என்னென்னவோ ஸ்வரம் போடுகிறார், சபைக்குப் பாடவே முடியவில்லை என்று புகார் வேறு. பெரிய வித்வான் வீட்டில் சில மாசம் இருந்துவிட்டு ஊர் திரும்பிய எந்தப் பையனுக்கும் நடக்கிறதுதான்.

அவர் கேட்ட இரண்டு ஆர்கன்களில் பெரியதை 1850களிலேயே மாற்றிவிட்டார்கள், சின்னது 1942இல் எரிந்துவிட்டது. இப்போது இருக்கும் பெரிய ஆர்கன் 1968இல் வைத்தது. ஆக, புக்ஸ்டஹூடெ காலத்தில் அங்கே சத்தம் எழுப்பிய பொருள்களில் கையால் தொட முடிகிற மாதிரி மிச்சம் இருப்பது கீழே கிடக்கும் அந்த வெண்கலம்தான். உருக்கி ஊற்றினால் உலோகம் அதேதான், சரி. ஆனால் மணி அதுவா?

பீளமேடு_கவிதா | சனி, இரவு 10.44

இதை அப்பாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். "மணி உடைஞ்ச அன்னைக்கே அது மணி இல்லை"ன்னுட்டாரு.

மூன்றாம்_கட்டை | சனி, இரவு 10.47

பதில் சொல்ல முடியாத இடத்தில் அடிக்கிறார்.

செங்கல்சூளை | ஞாயிறு, காலை 7.15

நான் கட்டுமானத் துறை. 2018இல் போனேன். மணிகளைவிட எனக்குத் தலைக்கு மேல் இருந்ததுதான் பெரிய விஷயமாகப் பட்டது.

அந்த நடுக்கூடத்தின் வளைகூரை உயரம் 38.5 மீட்டர். நம் கணக்கில் பன்னிரண்டு மாடி. செங்கல்லால் கட்டிய வளைகூரைகளில் உலகத்திலேயே உயரமானது. பால்டிக் கடலோரத்தில் வெட்டி எடுக்கப் பாறை கிடையாது, களிமண்தான். பிரான்சில் கல்லில் எழுப்பிய அந்த உயரமான பாணியை இவர்கள் சூளைச் செங்கலில் செய்து பார்த்தார்கள். வெளியே நின்று பாருங்கள், சுவரைத் தாங்கும் சாய்வு வளைவுகள்கூடச் செங்கல். கல்லைச் செதுக்கிக் கொள்ளலாம். செங்கலில் என்ன அளவு அச்சோ அதுதான். அதை வைத்துக்கொண்டு இந்த மெலிவைக் கொண்டுவந்தது சாதாரண வேலையில்லை. லூபெக்கில் பார்த்துவிட்டு பால்டிக் கரை முழுக்க சுமார் எழுபது தேவாலயங்கள் இதே மாதிரியில் எழுந்தன.

கட்டியது பிஷப் அல்ல என்பதையும் கவனியுங்கள். பிஷப்புக்கு ஊரின் தெற்கு ஓரத்தில் தனிப் பேராலயம் இருக்கிறது, 1173இல் சிங்க ஹென்றி என்ற பிரபு அடிக்கல் போட்டது. இது வணிகர்களும் நகரசபையும் கட்டியது. சந்தைக்கும் நகர மன்றத்துக்கும் ஒட்டினாற்போல, ஊரின் மேட்டில், ஏறக்குறைய 125 மீட்டரில் இரண்டு கோபுரம். இரட்டைக் கோபுரம் பிஷப்பின் கோயிலுக்கு உரிய கௌரவம். வேண்டுமென்றேதான் வைத்தார்கள். ஹன்சா வணிகக் கூட்டணிக்குத் தலைநகரம் மாதிரி இருந்த ஊர், உப்பிலும் மீனிலும் சம்பாதித்த பணம், கேட்கவா வேண்டும்.

இப்போது குண்டு விஷயம். அன்று வந்தவை 234 விமானங்கள். கொண்டுவந்ததில் பெரும்பகுதி தீ மூட்டும் குண்டுகள். லூபெக்கில் பெரிய ராணுவக் காரணம் ஏதுமில்லை. பழைய ஊர், நெருக்கமான வீடுகள், ஏராளமான மரம், நன்றாக எரியும். அதைச் சோதித்துப் பார்க்கத்தான் தேர்ந்தெடுத்தார்கள். முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். மரியாள் தேவாலயத்தில் கூரைச் சட்டம், கோபுர உச்சி எல்லாமே மரம். அது எரிந்து விழுந்ததில்தான் சேதம். சுவரும் தூணும் வளைகூரையின் பெரும்பகுதியும் நின்றன. போர் நடக்கும்போதே தற்காலிகக் கூரை போட்டு மூடினார்கள். அதைச் செய்யாமல் விட்டிருந்தால் மழையும் பனியும் இரண்டு குளிர்காலத்தில் மிச்சத்தையும் தின்றிருக்கும். எந்தப் பழைய கட்டடத்துக்கும் தீயைவிட அதற்குப் பிறகு இறங்கும் தண்ணீர்தான் எமன்.

முறையான சீரமைப்பு 1947இல் தொடங்கி 12 வருஷம் ஓடியது. கூரைக்கும் கோபுர உச்சிக்கும் மறுபடி மரம் போடவில்லை, எடை குறைந்த கான்கிரீட். தீப்பிடிக்கக் கூடாது என்பதுதான் காரணம். 1950 வாக்கில் உட்கார்ந்து கணக்குப் போட்ட எஞ்சினியர்கள் அடுத்த தீயையும் சேர்த்தே கணக்குப் போட்டிருக்கிறார்கள். வெளியே பார்த்தால் பச்சைச் செம்புத் தகடு, உள்ளே கான்கிரீட். பழைமைவாதிகள் அடிக்க வருவார்கள். நான் அந்த எஞ்சினியர்கள் பக்கம்.

அதனால் கவிதா அப்பாவின் கேள்விக்கு என் பதில்: கூரை வேலை செய்ய வேண்டும், அதனால் புதிது. மணிக்கு மாற்று கிடைத்துவிட்டது, அதனால் பழையதைக் கிடக்க விட முடிந்தது.

ஊர்சுற்றி_மீனா | ஞாயிறு, காலை 9.02

மாற்று மணியா? எங்கேர்ந்து?

செங்கல்சூளை | ஞாயிறு, காலை 9.20

டான்சிக்கிலிருந்து. இன்றைய போலந்தின் க்டான்ஸ்க். போர்க்காலத்தில் ஜெர்மன் அரசு ஊர் ஊராக மணிகளை இறக்கி ஆயுதத்துக்கு உருக்கியது. தரம் பிரித்து வைத்து, மிகப் பழைய, அரிய மணிகளைக் கடைசிக்கு ஒதுக்கினார்கள். உருக்கக் காத்திருந்த மணிகள் ஹாம்பர்க் துறைமுகத்தில் குவிந்து கிடந்தன. மணிக் கல்லறை என்றே அதற்குப் பெயர். போர் முடிந்ததும் டான்சிக் மணிகளில் சில லூபெக்குக்கு வந்தன. இப்போது தெற்குக் கோபுரத்தில் நேரத்துக்கு ராகம் அடிக்கும் மணிவரிசையும் டான்சிக்கின் ஒரு தேவாலயத்துடையதுதான்.

பீளமேடு_கவிதா | ஞாயிறு, காலை 9.31

அப்ப கீழ கிடக்கிறது லூபெக் மணி, மேல அடிக்கிறது அகதி மணியா?

வேலணை_மைந்தன் | ஞாயிறு, மதியம் 1.12

தங்கச்சி, அந்தச் சொல்லு எழுதினபடியால நானும் எழுதுறன். மூண்டு வருசமா இஞ்ச வாசிச்சுக்கொண்டுதான் இருந்தனான்.

நான் யேர்மனிக்கு 86இல வந்தனான். முதல் இருந்தது லூபெக்குக்குக் கிட்ட ஒரு முகாமில. வேலை செய்ய அனுமதி இல்லை, ஊரை விட்டு வெளிய போகவும் கடிதம் வேணும். குளிர் வேற. சூடா இருக்குமெண்டு நினைச்சு நானும் இன்னொரு பொடியனும் அந்தக் கோயிலுக்குள்ள போனனாங்கள். உள்ள வெளியிலயும் பார்க்கக் குளிர். அப்பதான் அந்த மணியைக் கண்டனாங்கள். வாசிச்சு விளங்கப் பாசை தெரியாது. ஆனா என்ன நடந்ததெண்டு ஆரும் சொல்லித் தர வேண்டியிருக்கேல்லை. என்னோட வந்த பொடியன் "இவங்களுக்கும் போட்டிருக்கிறாங்களடா" எண்டான். அவ்வளவுதான் கதைச்சது.

யாழ்ப்பாணக் கோட்டைக்குள்ள ஒல்லாந்தர் 1706இல கட்டின தேவாலயம் ஒண்டு இருந்தது. சின்னனில ஐயா சைக்கிளில ஏத்திக்கொண்டு போய்க் காட்டினவர். பெரிய தடிச்ச சுவர், நிலத்தில எழுத்து வெட்டின கல்லறைக் கல்லுகள். 1990 கோட்டைச் சண்டையோட அது போச்சு. பிறகு கோட்டை மதிலைத் திருத்தினவை. நான் கடைசியாப் போனபோது தேவாலயம் நிண்ட இடத்தில கல்லுத்தான் கிடந்தது.

நான் சொல்ல வாறது இதுதான். அந்த மணி கதைக்குதெண்டால் அதைச் சுத்தி ஒரு கோயில் நிக்கிறபடியாலதான். மேல கூரை இருக்கு, ஞாயிறு பூசை நடக்குது, சனம் வந்து மெழுகுதிரி கொளுத்துது, அதுக்குள்ள ஒரு மூலையில உடைஞ்சது உடைஞ்சபடி கிடக்குது. எல்லாம் உடைஞ்சு கிடந்தா அது கல்லுக் குவியல். ஒருத்தரும் நிண்டு பார்க்க மாட்டினம். கோட்டைக்குள்ள நான் நிண்டபோது எனக்குப் பக்கத்தில நிண்ட பிள்ளையள் அது என்னெண்டே கேக்கேல்லை.

உங்கட அப்பா சொன்னது பிழையெண்டு நான் சொல்லமாட்டன். தொழில் தெரிஞ்ச மனிசன்.

ஊர்சுற்றி_மீனா | ஞாயிறு, மதியம் 1.40

அண்ணா, இன்னும் எழுதுங்க.

நக்கல்_நாகராஜ் | ஞாயிறு, மாலை 4.05

வேலணை அண்ணன் பதிவுக்குப் பிறகு நக்கல் பண்ண மனசு வரலை. ஆனா இந்தக் கோயிலோட கதையிலயே ஒரு பெரிய நக்கல் இருக்கு. யாரும் சொல்லலைன்னா எப்படி?

1942 தீயோட சூட்டுல சுவர்ல இருந்த சுண்ணாம்புப் பூச்சு பொரிஞ்சு உதிர்ந்துச்சு. உள்ள பார்த்தா மத்தியகாலத்து ஓவியம்! நூற்றாண்டுக் கணக்கா வெள்ளையடிச்சு மறைச்சு வெச்சிருந்தது. குண்டு போட்டவன் புண்ணியத்துல புதையல். போர் முடிஞ்சதும் சீரமைக்க டீட்ரிஷ் ஃபை என்கிற ஆளுக்கு ஒப்பந்தம். அவருகிட்ட லோதர் மால்ஸ்காட்னு ஒரு ஓவியர் சம்பளத்துக்கு. 1948ல சாரம் கட்டி மேல ஏறினாங்க. கீழ இருந்து யாரும் பார்க்க முடியாது. பலிபீடத்துக்கு மேல் பக்கச் சுவர்ல பழைய வண்ணம் அங்கங்க பொட்டுப் பொட்டாத்தான் இருந்துச்சு. நம்மாளு என்ன பண்ணினாரு? இருந்ததையும் தேய்ச்சு எடுத்துட்டு, வெள்ளையடிச்சு, சொந்தமாப் புனிதர்களை வரைஞ்சு தள்ளிட்டாரு. ஆள் உயரத்துக்கு ரெண்டு மடங்கு சைஸ்ல.

1951ல தேவாலயத்தோட 700ஆவது ஆண்டு விழா. சான்சலர் அடெனாவரே வந்தாரு. அறிஞர்கள் புளகாங்கிதம். மேற்கு ஜெர்மனி தபால்தலையே போட்டுச்சு. புகழ் முழுக்க ஃபைக்கு. மால்ஸ்காட்டுக்குக் கூலி. 1952ல வயித்தெரிச்சல் தாங்காம போலீஸ்ல போய், "அது பழசு இல்லை, நான் வரைஞ்சது"ன்னாரு. யாரும் நம்பலை! கடைசியில வக்கீல் வெச்சுத் தன் மேலயே புகார் கொடுக்க வேண்டியதாப் போச்சு. 1955ல தீர்ப்பு, மால்ஸ்காட்டுக்கு 18 மாசம், ஃபைக்கு 20 மாசம்.

இதுல ஹைலைட், அதே ஆள் 1930கள்ல ஷ்லெஸ்விக் பேராலயத்துல வான்கோழி வரைஞ்சு வெச்சிருந்தாரு. 13ஆம் நூற்றாண்டு ஓவியமாம். வான்கோழி அமெரிக்கப் பறவை, கொலம்பஸுக்கு அப்புறம்தான் ஐரோப்பாவுக்கே வந்துச்சு. அப்ப இருந்த சில அறிஞர்கள் என்ன சொன்னாங்க தெரியுமா? கொலம்பஸுக்கு முன்னாடியே வைக்கிங்குகள் அமெரிக்கா போனதுக்கு இது ஆதாரமாம்!

லூபெக்ல அவர் வரைஞ்ச போலிப் புனிதர்களை அழிச்சுட்டாங்க. என் கேள்வி இதுதான்: உடைஞ்ச மணியை அப்படியே விடலாம்னா, அந்த ஓவியத்தையும் விட்டிருக்கலாமே? அதுவும் போர் செஞ்ச வேலைதானே?

செங்கல்சூளை | ஞாயிறு, மாலை 5.22

இல்லை நாகராஜ். மணி தன்னைப் பற்றிப் பொய் சொல்லவில்லை. விழுந்தேன், உடைந்தேன் என்கிறது. அந்த ஓவியம் 700 வயது என்று சொன்னது.

நக்கல்_நாகராஜ் | ஞாயிறு, மாலை 5.30

அப்ப செம்புத் தகடுக்கு அடியில கான்கிரீட் வெச்சது என்ன கணக்கு சார்?

செங்கல்சூளை | ஞாயிறு, மாலை 5.51

அதை யாரும் பழசு என்று விற்கவில்லையே. ஆனால் ஒப்புக்கொள்கிறேன், கோடு கொஞ்சம் மெல்லியதுதான். நடுக்கூடத்தில் இன்று நீங்கள் பார்க்கும் ஓவியங்களுக்கு அடியில் அசல் இருக்கிறது, மேலே தாராளமாகத் தூரிகை ஓடியிருக்கிறது. எது எவ்வளவு என்று கீழே நின்று என்னால் சொல்ல முடியவில்லை. அதைப் பார்க்கும்போது எனக்கு ஒருவித எரிச்சல் வரும், மணியைப் பார்க்கும்போது வராது.

தெற்குவீதி | ஞாயிறு, இரவு 8.10

எல்லாரும் குண்டு போட்டவனைப் பத்திப் பேசுறீங்க. 1940 நவம்பரில் ஜெர்மனி குண்டு போட்டு இங்கிலாந்தில் கோவென்ட்ரி என்ன ஆச்சு? அங்கேயும் மத்தியகாலப் பேராலயம்தான், வெறும் சுவர் மட்டும் மிச்சம். ஜெர்மனிக்கு அழுவது கொஞ்சம் ஓவர்.

மூன்றாம்_கட்டை | ஞாயிறு, இரவு 8.34

லூபெக்காரரே அதைச் சொல்லியிருக்கிறார். எழுத்தாளர் தாமஸ் மான் இந்த ஊரில் பிறந்து, இந்த தேவாலயத்தில்தான் ஞானஸ்நானம் பெற்றவர். குண்டு விழுந்தபோது அமெரிக்காவில் இருந்தார். அடுத்த மாசமே பிபிசி வழியாக ஜெர்மானியருக்குப் பேசினார். சொந்த ஊர் எரிந்தது மகிழ்ச்சியில்லை, ஆனால் கோவென்ட்ரியை நினைத்துப் பார்க்கிறேன், எல்லாவற்றுக்கும் விலை கொடுத்தாக வேண்டும் என்பதை மறுக்க முடியவில்லை என்ற பொருளில். அவர் தாத்தா பாட்டியின் வீடு தேவாலயத்துக்கு நேர் எதிரே. அதன் முகப்பு மட்டும்தான் அன்று தப்பியது.

மணிகள் கிடக்கும் அந்த இடத்தில் கோவென்ட்ரியிலிருந்து வந்த ஆணிச் சிலுவை ஒன்று இருக்கிறது. எரிந்த பேராலயத்துக் கூரையின் பழைய ஆணிகளை வைத்துச் செய்யும் வடிவம் அது. தெற்குவீதி, நீங்கள் கேட்ட கேள்வியை அவர்கள் அங்கேயே மாட்டி வைத்திருக்கிறார்கள்.

தெற்குவீதி | ஞாயிறு, இரவு 8.41

அது தெரியாது. சரி, ஒத்துக்கறேன்.

மட்டுறுத்துநர் | ஞாயிறு, இரவு 9.00

இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. இலங்கை அரசியலுக்குத் தனி இழை இருக்கிறது. வேலணை_மைந்தன் பதிவு அப்படியே இருக்கும், அது இந்த இழைக்கு உரியதுதான்.

ஊர்சுற்றி_மீனா | திங்கள், காலை 10.15

எனக்கு ஒரு சாதாரணக் கேள்வி. அடுத்த வாரம் மாமியாரோட போறேன், அவங்களுக்கு முழங்கால் வலி. ஸ்டேஷன்ல இருந்து எவ்வளவு தூரம்? சர்ச்சுக்குள்ள வேற என்ன பார்க்கணும்? அரை நாள் போதுமா?

பீளமேடு_கவிதா | திங்கள், காலை 10.52

ஸ்டேஷன்ல இருந்து மெதுவா நடந்தா இருபது நிமிஷம். எங்கம்மா நடந்துட்டாங்க. கடைசியில கொஞ்சம் மேடு, கருங்கல் பாவின தெரு, அதனால நல்ல செருப்பு போடச் சொல்லுங்க. உள்ள போகச் சில யூரோ வாங்குவாங்க. கோடையில போனாலும் ஸ்வெட்டர் கண்டிப்பா.

வெளியவே வாசல் பக்கம் கல்லு மேல வெண்கலச் சாத்தான் ஒண்ணு உட்கார்ந்திருக்கும், கொம்பெல்லாம் வெச்சு. சர்ச் கட்டும்போது சாராயக்கடைதான் கட்டுறாங்கன்னு நினைச்சு அவனும் கல்லு தூக்கிக் கொடுத்தானாம். விஷயம் தெரிஞ்சதும் இடிக்க வந்தானாம். "கோவிச்சுக்காதே, பக்கத்துலயே உனக்கு ஒயின் கடை கட்டித் தர்றோம்"னு சமாதானம் பண்ணினாங்களாம். நகர மன்றத்துக்கு அடியில அந்தக் கடை வந்துச்சாம். குழந்தைங்க அவன் மடியில ஏறி ஏறிப் பளபளன்னு ஆயிருக்கு.

உள்ள பலிபீடத்துக்குப் பின்பக்கம் சுத்திப் போனா, கடைசி இரா விருந்து செதுக்கின கல் இருக்கு. கீழ் ஓரத்துல ரோஜாச் செடி வேரைக் கடிக்கிற சுண்டெலி. தொட்டா ராசி. எல்லாரும் தொட்டுத் தொட்டுக் கறுத்துப்போச்சு, அதனால தேட வேண்டியதில்லை.

செங்கல்சூளை | திங்கள், காலை 11.30

மீனா, டார்சோ மாதாவை விட்டுவிடாதீர்கள். 1420இல் செய்த கல் சிலை. 1942இல் நூற்றுக்கணக்கான துண்டாகச் சிதறியது. துண்டுகளைப் பொறுக்கி வைத்திருந்து, பழைய புகைப்படங்களைப் பார்த்து ஒட்டி 1989இல் நிறுத்தினார்கள். கிட்டத்தில் போனால் ஒட்டு தெரியும். நாகராஜ் இதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்: மணியை ஒட்டவில்லை, மாதாவை ஒட்டினார்கள்.

மாமியார் மேலே ஏற முடியாவிட்டால் பக்கத்தில் பேதுரு தேவாலயக் கோபுரத்துக்கு லிஃப்ட் இருக்கிறது, மேலிருந்து ஊர் முழுக்கத் தெரியும். அந்தத் தேவாலயமும் அதே ராத்திரி எரிந்ததுதான். சீரமைத்து முடிக்க 1987 ஆயிற்று. உள்ளே எதையும் திரும்ப வைக்கவில்லை, வெறும் வெள்ளைச் சுவர். கண்காட்சி, கச்சேரி நடக்கும்.

மூன்றாம்_கட்டை | திங்கள், மதியம் 12.08

காதுக்கு வேண்டுமானால் வடக்கே யாக்கோபு தேவாலயம் போங்கள். அந்த ராத்திரி அது தப்பிவிட்டது. 1637இல் ஷ்டெல்வாகன் என்ற ஆர்கன் செய்பவர் விரிவாக்கிய பழைய ஆர்கன் இன்னும் வாசிக்கிற நிலையில் இருக்கிறது. பாக் காலத்து லூபெக் எப்படி ஒலித்தது என்று கேட்க வேண்டுமானால் அங்கேதான். மரியாள் தேவாலயத்தில் நீங்கள் பார்க்க முடியாமல் போகிற ஒன்று, ஓவியர் பெர்ன்ட் நோட்கெயின் மரண நடனம். எலும்புக்கூடு போப்பாண்டவரையும் ராஜாவையும் தொட்டில் குழந்தையையும் கைபிடித்து ஆட்டிக்கொண்டு போகும் நீளமான ஓவியம், 1463. பழுதாகிப்போய் 1701இல் துணியில் பிரதி எடுத்தார்கள். அதுவும் 1942இல் சாம்பல். அவர் வரைந்த இன்னொன்றின் துண்டு எஸ்டோனியாவில் தாலினில் இருக்கிறது. லூபெக்கில் அந்த ஓவியம் இருந்த சிற்றாலயத்தின் சன்னல் கண்ணாடியில் ஐம்பதுகளில் அந்த நடனத்தைப் புதிதாக வரைந்திருக்கிறார்கள், தீயும் சேர்த்து.

அப்புறம் கவிதா, அப்பாவிடம் ஒன்று கேளுங்கள். மணி வார்ப்பவர்களுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு, நாக்கு வந்து அடிக்கும் விளிம்பின் தடிமன், வாய் விட்டத்தில் ஏறக்குறைய 13இல் ஒரு பங்கு. அந்த உடைந்த விளிம்பைப் பார்த்தபோது அவருக்கு அது கண்ணில் பட்டதா?

பீளமேடு_கவிதா | திங்கள், இரவு 9.15

கேட்டது உங்க தப்பு. சாப்பிட உட்கார்ந்தவர் எழுந்து போய், கரன்ட் பில் கவர் பின்னாடி மணியைப் பாதியா வெட்டின மாதிரி வரைஞ்சுட்டு இருக்காரு. நாக்கு எங்க போச்சுன்னு கேக்குறாரு, அதை அங்க பார்த்த ஞாபகம் எனக்கில்லை.

வேலணை அண்ணன் எழுதினதையும் நாகராஜ் எழுதினதையும் முழுசா வாசிச்சுக் காட்டினேன். அண்ணன் பதிவை ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னாரு. அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. கடைசியில தீர்ப்பு: "சரி, பெருசை விட்டுரலாம். அந்தச் சின்னதை மட்டும் உருக்கலாம்."

மூன்றாம்_கட்டை | திங்கள், இரவு 9.22

சின்னதுதான் 1508! பெரியதைவிட 160 வருஷம் மூத்தது!

நக்கல்_நாகராஜ் | திங்கள், இரவு 9.24

ஃபவுண்டரிக்காரர் மனசுல எதையாச்சும் ஊத்தணும் சார். விடுங்க.

வேலணை_மைந்தன் | திங்கள், இரவு 10.03

தங்கச்சி, அப்பா நிக்கிற நாளையில இன்னொருக்கா லூபெக் போறதெண்டால் சொல்லுங்கோ. நான் பிரேமனில இருந்து வருவன். அந்த மணி வார்த்த விதத்தை அவர் சொல்லக் கேக்கோணும். நாப்பது வருசமா நான் அதைப் பார்த்திருக்கிறன், எப்பிடிச் செய்ததெண்டு ஒருநாளும் யோசிக்கேல்லை.

பீளமேடு_கவிதா | திங்கள், இரவு 10.20

அண்ணா, வியாழக்கிழமை ஊருக்குக் கிளம்புறாங்க. புதன் காலையில போலாம், 9 மணி ரயில். அப்பா இப்பவே என் அளக்கிற டேப்பை எடுத்துச் சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. கம்பி போட்டிருக்கு, உள்ள போக விடமாட்டாங்கப்பான்னு சொன்னேன். "கம்பி சந்துல கை போகும்ல?"ங்குறாரு.